கேட் மூடியிருந்த முப்பத்தொரு நிமிடம்

என் தகப்பனார் நடேசன் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தார். வில்லியனூருக்கு மேற்கே, ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் ஓர் இடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். சென்ற மாசியில் இறந்துபோனார். வயது அறுபத்து மூன்று. காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வேட்டி, பென்ஷன் புத்தகம், ஒரு பழுப்புக் கவர். கவருக்குள் 1968-இல் அவருக்கு வந்த குற்றச்சாட்டுக் கடிதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் போன பிறகும் கேட்டைத் திறக்கவில்லை, டெலிபோன் மணி அடித்தும் எடுக்கவில்லை என்று அதில் இருக்கிறது. நேரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. காரணம் மட்டும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் திக்குவாய். எனக்கும் திக்குவாய். தன்னுடையது எனக்கு ஒட்டிக்கொண்டது என்று அவர் நம்பினார். கடைசிவரை அவரை விடாத பயம் அது.

அவர் பிறந்தது பண்டசோழநல்லூரில். பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். இருபத்து மூன்றாவது வயதில் ரயில்வேயில் தண்டவாளம் செப்பனிடும் கேங்கில் சேர்ந்தார். அந்த வேலைக்குப் பேச்சு அதிகம் தேவையில்லை. திருமணம் முப்பத்து நான்கு வயதில்தான் ஆனது. பெண் பார்க்க வந்தபோது வாய் திறக்கவில்லை. அடக்கமான மாப்பிள்ளை என்று என் அம்மா ஆதிலட்சுமியின் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது கல்யாணமான மூன்றாம் நாள்.

திக்குவாய் என்றால் எல்லா வார்த்தையும் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொருவருக்கும் சில எழுத்துகள். அப்பாவுக்கு ‘ந’. அவருடைய சொந்தப் பெயரே அதில்தான் தொடங்குகிறது. அதனால் அவர் வார்த்தைகளை மாற்றிக்கொண்டே வாழ்ந்தார். நாளைக்கு என்பதை விடிஞ்சா என்பார். நெல் என்பதைப் பயிர் என்பார். நான் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் குறைவு. மாற்று வார்த்தை கிடைக்காத இடத்தில் பேசாமல் இருந்துவிடுவார். நிதானமான ஆள் என்று ஊரில் பெயர்.

1963-இல் தண்டவாளக் கட்டை ஒன்று விழுந்து வலது கால் ஊனமானது. நொண்டிக்கொண்டு கேங்கில் வேலை செய்ய முடியாது என்று கேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே கேட்டோரக் கேபினில் ஒரு டெலிபோன் இருந்தது.

நான் இப்போது தொலைபேசித் துறையில் இருக்கிறேன். அந்த மாதிரி டெலிபோனைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு காந்தம், இரண்டு பேட்டரி, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலை முறை இப்படி: ரயில் புறப்படும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்கு மணி அடிப்பார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் இருக்கும் அச்சிட்ட தாளில் அடுத்து வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட் மூடியாயிற்று என்பதற்கு அந்த எண்தான் உறுதி. அதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மாஸ்டர் கைகாட்டியை இறக்கி ரயிலை விடுவார். எண்ணைச் சொல்லியபின் தாளில் அடித்துவிட வேண்டும். வரிசை மாறக்கூடாது. ஒன்றுக்குப் பதில் வேறொன்றைச் சொல்லக்கூடாது.

வார்த்தையை மாற்றியே பிழைத்தவருக்கு மாற்ற முடியாத வார்த்தைகள் ஒரு தாள் நிறைய. நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை எல்லாம் ‘ந’. இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். உதட்டில் காற்றுதான் வந்தது. புதுத் தாள் வந்த அன்று முதலில் நாற்பதுகள் எங்கே வருகின்றன என்று தேடுவார். அந்த எண் மறுநாள் காலை ரயிலுக்கு வரும் என்று தெரிந்தால் முதல் நாளே சோறு இறங்காது. டெலிபோன் எடுக்கும்போது கேபின் கதவைச் சாத்திக்கொள்வார். பேச்சு வராதவன் என்று தெரிந்தால் கேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், நொண்டிக் காலோடு போக வேறு வேலை இல்லை என்பது அவர் கணக்கு.

ஸ்டேஷன் மாஸ்டர் சாமிநாதன் கோபக்காரர். ஆனால் எண்ணை அவர் எடுத்துக் கொடுக்க முடியாது, அது விதி. கேட் கீப்பர் வாயிலிருந்து முழுசாக வரும்வரை டெலிபோனைக் காதில் வைத்தபடி இருக்க வேண்டும். என் அப்பா பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாத ஒரே மனிதர் அவர்தான் என்று நான் பிற்பாடு நினைத்ததுண்டு.

எனக்குத் திக்கு வந்தது நாலாவது வயதில். பொங்கலுக்கு வந்த மாமா, நான் தண்ணீர் கேட்டதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “அப்பன் பேசறதக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிச்சிடி.” அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து என் காதுபட அப்பா பேசவில்லை. நாலு வருடம். சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவார். நான் பேச வாயெடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். என் பேச்சைக் கேட்க அவருக்கு அருவருப்பு என்று நினைத்தேன். அதனால் அவர் முன்னால் நானும் பேசுவதை விட்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இருந்தோம்.

வைத்தியம் பார்த்தார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னார்கள், ஒன்றை விழுங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ வராது. வாத்தியார் பிடிவாதம் என்று நினைத்தார். வரும்வரை நில் என்றார். மூன்றாம் வகுப்பில் பாதி நாள் நின்றேன். ஒருமுறை நின்றபடியே பாவாடை நனைந்தது. அதன்பிறகு பள்ளி நாட்களில் காலையில் வாந்தி வரும்.

அம்மா பயந்துபோனாள். பெண் பிள்ளை. யார் கட்டிக்கொள்வார்கள் என்று கிணற்றடியில் எல்லோரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அமுதம் அக்காதான் ஒரு வழி சொன்னது. ஆற்றோரத்து ஊர் ஒன்றில் ஒருவர் நாக்குக்கு அடியில் இருக்கும் நரம்பை வெட்டிவிடுகிறாராம். “என் தங்கச்சி புள்ளைக்கு வெட்டுனாங்க. இப்ப ரேடியோ மாதிரி பேசறான், நிறுத்தத்தான் முடியல.” வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

அப்பா சாப்பிடும்போது அம்மா இதைச் சொன்னாள். அவர் பாதியில் கை கழுவினார். மறுப்பு ஒன்றும் வரவில்லை என்பதால் சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஆறு வயதில் அப்பாவுக்கும் வெட்டியிருக்கிறார்கள். சித்தப்பா தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கத்தியால் வெட்டி, உப்பும் மஞ்சளும் வைத்து அழுத்தினாராம். ஒரு மாதம் கஞ்சிதான். அதுவரை லேசாகத் தடுக்கிய பேச்சு அதற்குப் பிறகுதான் சுத்தமாக நின்றுபோக ஆரம்பித்திருக்கிறது. வெட்டும்போது நீ தலையை ஆட்டிவிட்டாய், அதனால்தான் பலிக்கவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் அதை அவர் நம்பினார். குற்றம் தன் தலையில்தான் என்று.

ஆகவே தடுக்கவும் முடியவில்லை. ஆடாமல் இருந்தால் மகளுக்குப் பலித்துவிடுமோ? தடுத்தால் அவளும் தன்னைப்போல ஆகிவிடுவாளோ? எட்டு நாள் இதே யோசனை. பிற்பாடு அவரே சொன்னது.

சனிக்கிழமை மதியம் அவர் சாப்பாட்டுக்கு வந்தபோது நான் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். அசையக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் பழகிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து, கரண்டிக் காம்பால் நாக்கை மேலே தூக்கி, மனதுக்குள் நூறு வரை எண்ணுவது. அப்பா குனிந்து பார்த்தார். நான் கண்ணைக் கூட அசைக்கவில்லை. நல்ல பிள்ளை என்று தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிறு காலை அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். அந்த பஸ் அப்பாவின் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. மேற்கிலிருந்து பாசஞ்சர் வரவேண்டிய நேரம். எங்களுக்குப் பின்னால் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் இரண்டு வந்து நின்றன. நான் ஜன்னலோரம். அம்மாவின் மடியில் ஒரு பழைய வெள்ளைத் துணி மடித்து இருந்தது. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

கடிதத்தின்படி: கேட் மூடியது 8.31. பாசஞ்சர் கடந்தது 8.38.

ரயில் போனதும் அப்பா கேபினிலிருந்து வந்து கேட்டைத் தூக்கும் கைப்பிடியில் கை வைத்தார். பஸ்ஸைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். நொண்டி நொண்டிக் கேட்டைச் சுற்றி வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். “யோவ், தெறய்யா. ரயிலு ஊரு போய்ச் சேந்துடுச்சி.”

“ஒருவேள டிக்கெட்டு வாங்க வராரு போல,” என்றார் கண்டக்டர். பஸ்ஸில் சிரித்தார்கள்.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடியது. அவர் திக்கியதை நாலு வருடம் கழித்து அன்றுதான் பார்க்கிறேன். எனக்கு வரும்போது என் முகமும் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன்.

அம்மா பதறினாள். வீட்டுச் சாவியா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? இன்னொரு நாள் போகச் சொல்கிறீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

கேபினில் டெலிபோன் மணி அடித்தது. 8.43. பாசஞ்சர் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்து ஒரு கூட்ஸ் புறப்பட வேண்டும். அப்பா கேபின் பக்கம் திரும்பிப் பார்த்தார். போகவில்லை. மணி நின்று நின்று அடித்தது.

கரும்பு வண்டிக்கார அய்யனார் இறங்கி வந்திருந்தார். அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். “ந-ந-ந-நடேசா,” என்றார். “உள்ள மணி அடிக்குது, நீ இங்க பொண்டாட்டிகிட்ட கொஞ்சிக்கினு நிக்கற.” மறுபடி சிரிப்பு.

அப்பா விரலை வாயில் விட்டு நாக்கைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினார். ஜன்னல் உயரத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் விரலை எடுக்காமல் நின்றார். அம்மா கேள்வி கேட்பதை நிறுத்தினாள். நிறுத்தி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாக்கு என்ற வார்த்தைக்கு மாற்று இல்லை.

“நா,” என்றார். நின்றது. “நா. நா.” எத்தனை முறை என்று எண்ணவில்லை. சிரிப்பு ஓரிடத்தில் நின்றது. “நாக்க எனக்கும் வெட்னாங்க, ஆதி. ஆறு வயசுல.” மூச்சு வாங்கினார். “நா ஆடுனேன்னாங்க. வலிச்சா ஆடாம இன்னா செய்யும், சின்னப் புள்ள. வெட்டியும் இப்டித்தான் இருக்கறேன். எம் பொண்ண எறக்கு.”

எழுதினால் இரண்டு வரி. வெளியே வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. டெலிபோன் மணி அதுவரை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா அழுதாள் என்று சொல்ல முடியாது. மடியிலிருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம் கேட்டாள்: “அப்ப இவளுக்கு இன்னாதான் வழி?”

“தெரியல,” என்றார் அப்பா. அது தடுக்காமல் வந்தது.

கண்டக்டர் எங்கள் பக்கம் பார்க்காமலேயே, “எறங்கிக்கம்மா,” என்றார்.

இறங்கினோம். அப்பா கேபினுக்குள் போய் டெலிபோனை எடுத்தபோது 8.50. மாஸ்டர் கத்தியது வெளியே கேட்டது. நான் கேபின் வாசலில் நின்றேன். அடுத்த எண் நாற்பத்து நாலு. தாளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். அப்பா கதவைச் சாத்தக் கை நீட்டினார். என்னைப் பார்த்தார். என் காதில் விழும் என்பதுதான் அவர் பயம். அவர் கண்ணில் அது அப்படியே இருந்தது. கை பாதி வழியில் நின்றது. கதவைச் சாத்தவில்லை. என் எதிரிலேயே, அந்த எண்ணைத் திக்கித் திக்கி, இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லி முடித்தார்.

கூட்ஸ் கடந்தது 8.59. கேட் திறந்தது 9.02. மொத்தம் முப்பத்தொரு நிமிடம். கேட் ரிஜிஸ்டரில் நேரங்களைக் கூட்டிக் குறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். விசாரணையில் காரணம் கேட்டபோது ‘சொந்த விஷயம், தவறுதான்’ என்று எழுதிக் கொடுத்தாராம். கண்டிப்புக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அது முடிவாகும்வரை, இரண்டு மாதமாக, வேலை போய்விடும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். எனக்குத் திக்கு போகவில்லை. அவருக்கும் போகவில்லை. டெலிபோன் மணி கேட்டால் ஓய்வுபெற்ற பிறகும் தோள் ஒருமுறை துள்ளும். ஆனால் வீட்டில் பேசினார். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பார். நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அம்மா நடுவில் எடுத்துக் கொடுக்க வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். ஒரு நாள் விடுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாத்தியாரிடம் அரை மணி நேரம் பேசினார். அவர் சொல்ல வந்தது ஒரே விஷயம். மறுநாளிலிருந்து வருகைப்பதிவுக்கு நான் கையைத் தூக்கினால் போதும் என்றார் வாத்தியார். வாந்தி நின்றது.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது, புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு டாக்டரிடம் போனேன். இது நாக்கின் கோளாறு இல்லை, வெட்டிச் சரியாகாது என்றார். சில குடும்பங்களில் வரலாம். ஆனால் கேட்டு ஒட்டாது. குழந்தையை அவசரப்படுத்தாமல், வார்த்தையைப் பிடுங்காமல், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதுதான் வீட்டார் செய்ய வேண்டியது என்றார். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“ஒட்டாதா?” என்றார்.

“ஒட்டாதுப்பா.”

“அப்ப அந்த நாலு வருசம்?”



அவர் சாவதற்குப் பத்து நாள் முன்பு என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வயது. நுரையீரலில் நீர் கோத்து அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையன் கட்டில் ஓரம் போய், “தா-தா-தா-தாத்தா,” என்றான். இரண்டு வாரமாகவே அப்படித்தான். எனக்குத் தூக்கம் இல்லை. இந்த வயதில் பல குழந்தைகளுக்கு வந்து தானே போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் இல்லை.

அப்பாவுக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பையனை வெளியே கூட்டிப்போ என்று கண்ணால் காட்டினார்.

நான் போகவில்லை. அந்தக் கையை விலக்கினேன். எலும்புதான் இருந்தது, ஆனாலும் பலமாகத்தான் பொத்தியிருந்தார். “பேசுப்பா,” என்றேன். அதைச் சொல்ல எனக்கே மூன்று முறை ஆனது.

அப்பா பையனைப் பார்த்தார். பயந்துகொண்டேதான் தொடங்கினார். “ச,” என்றார். இருமல் வந்தது. மறுபடி தொடங்கினார். பையன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தபடி நின்றான்.

“சாப்டியா?”

பையன் இல்லை என்றான். அப்பா தட்டில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிட்டு அவனிடம் நீட்டினார்.